உன் அறிக்கையில் இல்லாத தம்பி

ரவி,

உன் கடிதம் வந்தது. ‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை எழுதவில்லை. எழுத மறுக்கிற கையை வற்புறுத்திப் பொய்யோடு தொடங்க விருப்பமில்லாமல் உன் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். சண்டை முடிந்துவிட்டது, பாதைகளெல்லாம் திறந்துவிட்டன, அடுத்த மழைக்கு முன்னால் ஊருக்கு வருகிறேன், வீட்டில்தான் தங்குவேன், ரிவஸ்டன் மலையில் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர வேண்டும், தம்பிக்கு அந்த இடமெல்லாம் தெரியும், அவனைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், ‘தம்பி கலேவெல வேலைக்குப் பழகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுவதும் அதை நிமிர்த்தவில்லை. உன் ஆராய்ச்சி அறிக்கையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்று போனில் பெருமைப்பட்டாய். இந்தப் பதிலையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மாத்தளை டவுனில் ஒரு சின்னப் பிரஸ்ஸில் அச்சுக் கோர்த்து உங்கள் இருவரையும் வளர்த்தவள் நான். நாலு பேர் படிக்கிறபடி எழுத எனக்கும் தெரியும்.

உன் வேலை பொய் என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ‘அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்று நீ தப்பித்துக்கொள்ளக் கூடாது. அந்த வேலையோடு நீ முதன்முதலாக வந்திறங்கிய வருடம், அலுவிகாரை வீட்டுக் குசினியில் உட்கார்ந்து எனக்கு விளங்கப்படுத்தினாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். “உலகம் சூடாகிட்டு வருதும்மா. மனுசன் ஃபேன் போட்டுக்குவான். தவளையும் ஓணானும் பாம்பும் என்ன செய்யும்? அதுங்களுக்குன்னு ஒடம்புல சூடு கெடையாது. வெளியில இருக்கிற சூடுதான் அதுங்க சூடு” என்றாய். எதை வைத்து அதை அளப்பாய் என்று கேட்டேன். “மூணு கேள்விம்மா. அது இருக்கிற எடத்துக்கு எவ்வளவு சூடு வரப்போவுது? வந்தா எவ்வளவு தாங்கும்? தாங்காட்டி வேற எடத்துக்குப் போகவோ, பழக்கத்த மாத்திக்கவோ வழி இருக்கா? இந்த மூணையும் சேர்த்துப் பார்த்தா எது மொதல்ல அழியும், எது தப்பிக்கும்னு சொல்லிரலாம்.” நான் விடவில்லை. “சொல்லி?” என்றேன். “சொன்னாத்தானேம்மா காப்பாத்தலாம்!” என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தேங்காய்த் துருவியைக் கவிழ்த்துவிட்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பிள்ளை, பேச முடியாத ஒன்றுக்காகப் பேசப் போகிறான் என்று நினைத்தேன்.

கலேவெலக் குளத்துத் தவளை வறட்சி வந்தால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும், அது ஓரளவு பிழைத்துக்கொள்ளும் என்றாய். மலைப்பாறைத் தவளையின் குஞ்சுகள் அப்படியில்லை, பாறைமேல் வழிகிற மெல்லிய தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வளர்பவை, அந்தக் கசிவு கொஞ்ச நாள் காய்ந்தால் அந்த வருடத்துப் பிள்ளைகள் அத்தனையும் போய்விடும் என்றாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிரஸ்ஸில் போய் மற்றவர்களுக்கும் சொன்னேன். மழை பிந்துகிற வருடங்களில் அந்தத் தவளைக் குஞ்சுகளை நினைத்துக்கொள்கிற ஒருத்தியாக என்னை நீ மாற்றியிருந்தாய். ஆகையால் இந்தக் கோபம் விளங்காதவளின் கோபமல்ல.

இப்போது உன் தம்பி செல்வராஜைப் பற்றி. அவன் பிறந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். எண்பத்து மூன்றாம் வருடத்துக் கலவரத்தில் அவனுக்கு நடக்கத் தெரியும், நிறுத்தாமல் பேசவும் தெரியும். டவுன் பக்கம் புகை எழும்பியபோது பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் மெனிக்கே அக்கா வேலியைப் பிரித்து நம் எல்லோரையும் தன் வீட்டுப் பின்னறைக்குள் இழுத்து அடைத்தாள். முன்வாசலில் ஆட்கள் வந்து நின்று, “தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா?” என்று சிங்களத்தில் கேட்டபோது, உங்கள் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். செல்வா அழ வாயைத் திறந்தான். நீ அவனை மடியில் இழுத்துப் போட்டு, உன் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாய். அவன் கடித்தான். பற்கள் இறங்கியும் நீ கையை எடுக்கவில்லை, சத்தமும் போடவில்லை. மெனிக்கே அக்கா வாசலில் நின்று, “என் வீட்டில் யாரும் இல்லை, பார்க்க வேண்டுமென்றால் என்னைத் தாண்டிப் போய்ப் பாருங்கள்” என்று சொன்னது கேட்டது. அவர்கள் போன பிறகுதான் உன் கையைப் பார்த்தேன். இரத்தம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. அன்றைக்கு நீ எத்தனை சின்னப் பிள்ளை! அப்பா இறந்து, நான் தனியாக நின்றபோதுகூட, மூத்தவன் இருக்கிறான், சின்னவனை விட்டுவிட மாட்டான் என்ற தைரியத்தில்தான் நான் இரவில் கண்ணை மூடினேன்.

நீ படித்து வெளிநாடு போனாய். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஓட்டோ ஓட்டினான். நீ மலைக்கு வேலையாய் வந்ததும் ஓட்டோவை உனக்கென்றே ஒதுக்கிவைத்துவிட்டு நின்றான். மற்ற ஓட்டோக்காரர்கள் அவனைக் கேலி செய்தது உனக்குத் தெரியாது. “என்னடா, அண்ணன் பல்லி புடிக்கிறாரு, நீ வால் புடிக்கிறியா?” என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே, “ஒங்க அண்ணனுக்கு அதுவும் வராதுதானே” என்பான். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனீர்கள். ரத்தோட்டை தாண்டி வளைவுகளில் ஓட்டோ மூச்சுவாங்கி ஏறியது. மேலே காற்று நம்மைத் தள்ளியது, மூடுபனி வந்து சேலையை நனைத்தது. உன் தம்பி அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்குக் காட்டில் ஒன்றுமே கண்ணில் படாது. நீதான் பாசி பிடித்த ஒரு கொப்பைக் காட்டினாய். அந்தப் பாசி மெதுவாக நகர்ந்தபோதுதான் அது ஓணான் என்று எனக்கே தெரிந்தது. விரல் நீளம்கூடச் சரியாக இல்லை. வாலால் கொப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தது. மற்ற ஓணான் முட்டையிடும், இது குட்டி போடும் என்றாய். “கீழ இருக்கிறதெல்லாம் சூடு தாங்காம மேல ஏறலாம்மா. இது ஏற்கனவே உச்சியில இருக்கு. இதுக்கு மேல மலை இல்ல” என்று சொன்னபோது உன் குரல் தழுதழுத்தது. உனக்குப் பக்கத்தில் நின்ற உன் தம்பிக்கும் கண் கலங்கியிருந்தது. ஓணானுக்காக அல்ல, உன் குரலுக்காக.

சூட்டையும் ஈரத்தையும் தானாகவே பதிகிற சின்னச் சாம்பல் நிறப் பெட்டிகளை மலையடியிலிருந்து உச்சிவரை அங்கங்கே கட்டிவைத்தாய். வயரும் பற்றரியும் உள்ளவை. விடுமுறை முடிந்து நீ திரும்பிப் போகையில் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை செல்வாவுக்கு வந்தது. பற்றரி மாற்றுவது, பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் பொலித்தீன் சுற்றுவது, பழுதானதைக் கழற்றி நீ தந்த புதியதைப் பூட்டுவது. நீ புறப்பட்ட அன்று காலை நான் உன்னிடம் கேட்டதை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. “காலம் சரியில்ல ரவி. இவன் ஒங்க வேலைக்குத்தான் போறான்னு ஒரு கடுதாசி எழுதிக் கையில குடுத்துட்டுப் போ” என்றேன். “அங்க போனதும் சீல் போட்டு அனுப்புறேன்மா, வெறுங்கடுதாசிக்கு மதிப்பில்ல” என்றாய். செல்வா குறுக்கே வந்து, “அண்ணன் அனுப்பும்மா, ஏன் கெடந்து தொல்ல பண்றீங்க” என்று உன் பெட்டியைத் தூக்கி ஓட்டோவில் வைத்தான். கடுதாசி வரவில்லை. நான் போனில் கேட்டபோதெல்லாம் அடுத்த கிழமை என்றாய்.

போன வருடம், மழை தொடங்குகிற நேரத்தில், ரத்தோட்டைப் பாதையில் உள்ள சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்தார்கள். பையில் நாலு பெட்டி, வயர், பற்றரி, கத்தி, மலைப் பாதை கீறிய ஒரு தாள். அந்த நாட்களில் பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பார்சலைப் பார்த்தே சனங்கள் இறங்கி ஓடிய காலம். விஷயம் எனக்குப் பிரஸ்ஸுக்கு வந்தபோது கையிலிருந்த எழுத்துகள் தரையில் சிதறின. மெனிக்கே அக்கா என்னோடு வந்தாள். அவளுக்கு அப்போது நடக்கவே கஷ்டம். என் சிங்களம் போதும் என்று நான் சொன்னதற்கு, “உன் சிங்களம் சரிதான், உன் பொட்டு சரியில்லையே” என்று சொல்லிவிட்டு முந்தி நடந்தாள்.

மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். உன் வயதுதான் இருக்கும். “இது என்ன?” என்று கேட்டான். “சூடு பார்க்கிற கருவி, மாத்தியா” என்றேன். “யாருக்குச் சூடு பார்க்கிறது?” “ஓணானுக்கு. தவளைக்கு.” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். “தவளைக்குக் காய்ச்சலா, அம்மே?” என்று அவனும் சிரித்தான். நீ குசினியில் சொன்னதையெல்லாம் சிங்களத்தில் சொல்ல முயன்றேன். உலகம் சூடாகிறது, மலையில் இருக்கிற பிராணிகளுக்குப் போக இடமில்லை, என் மூத்த மகன் அதைப் படிக்கிறான், சின்னவன் உதவி செய்கிறான் என்று. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “வயர் இருக்கிறது. பற்றரி இருக்கிறது. உள்ளே நேரம் ஓடுகிறது. தமிழ்ப் பையன் ஒருவன் இதைக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்துக் கட்டுகிறான். நீயே சொல்லு, நான் என்ன நினைக்க?” என்று கேட்டான். அவன்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. ஆனால் அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் உன்னிடம் இருந்தது. மெனிக்கே அக்கா தன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, “நான் தூக்கி வளர்த்த பிள்ளை” என்றாள். அவன் கொஞ்சம் இறங்கினான். “அந்த வேலைக்காரர்கள் ஒரு கடிதம் தரட்டும். கருவி எங்களுடையது, இவன் எங்கள் ஆள் என்று. அவ்வளவு போதும்” என்றான்.

அவ்வளவு போதும். மழையில் டவுனுக்கு ஓடிவந்து, போன் பேசும் கடையில் நின்று உனக்கு எடுத்தேன். நீ முதலில் அழுதாய், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த நாள் பேசியபோது அழவில்லை. “அம்மா, அவன் பேரு பெர்மிட்டுல இல்ல. பேரு இல்லாத ஆள காட்டுக்குள்ள அனுப்பியிருக்கோம்னு தெரிஞ்சா முழு வேலையையும் மூடிருவாங்க. இதுல எத்தனையோ பேரு வருசக்கணக்கா உழைச்சிருக்காங்க” என்றாய். “அவன் ஒன் ஆளுதானேடா?” என்று கேட்டேன். நீ சொன்ன பதில், “என் ஆளுதான்மா. திட்டத்தோட ஆள் இல்ல.” கடைக்காரப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காக நான் சத்தம் போடாமல் ரிசீவரை வைத்தேன். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து உன்னுடையதல்ல, உன் மேலாளருடையது. ஆனால் அது வருவதற்கு முன்பே அதன் வாசகத்தைத் தமிழில் போனில் எனக்குச் சொன்னவன் நீதான். கருவிகள் எங்களுடையவை. அவற்றை வைத்திருந்த நபர் எங்கள் திட்டத்தில் பணிபுரிபவர் அல்லர். அந்த அதிகாரி அதை இரண்டு தடவை படித்தான். “அப்படியென்றால் உன் மகன் கள்ளனும்கூடவா?” என்று கேட்டான். அதற்கு முன்பு அவன்மேல் சந்தேகம் ஒன்றுதான் இருந்தது. உங்கள் கடிதம் இரண்டாவதைச் சேர்த்தது.

பிறகு நடந்ததை நான் விரிவாக எழுதப்போவதில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தால், நேற்றுத்தான் அங்கே கொண்டுபோனார்கள் என்பார்கள். ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் அவன் உள்ளே இருக்கப் போயின. ஓட்டோவை விற்றுத்தான் வக்கீல் வைத்தேன். நீ காசு அனுப்பினாய், உண்மை. அதை வங்கியிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை, அது அங்கேயே கிடக்கிறது. நான் கேட்டது நாலு வார்த்தை. ‘இவன் என் தம்பி, என் வேலைக்குப் போனவன்’ என்று உன் பெயரில், உன் கையெழுத்தில் எழுதியிருக்கலாம். அது உன் வேலையைக் கெடுத்திருக்கும் என்கிறாய். கெட்டிருக்கட்டும். வேலை இன்னொன்று கிடைத்திருக்கும்.

குற்றம் ஒன்றும் இல்லை என்று கடைசியில் அவர்களாகவே விட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் முதல் கிழமை முழுவதும் கதவைச் சாத்த விடவில்லை. இன்றைக்கும் பை தூக்க மாட்டான். சந்தைக்குப் போனால் கத்தரிக்காயையும் வெண்டிக்காயையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவான். இந்த ஊரில் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிக் கலேவெலயில் ஒரு மரக்கறி மொத்தக் கடைக்கு லொறியில் சாமான் ஏற்றப் போய்விட்டான். சாக்குத் தூக்குகிறாயே, பை தூக்கினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். “சாக்குல போஞ்சிக்காய்தான் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்மா” என்றான். இதைத்தான் நீ ‘பழகிவிட்டான்’ என்று எழுதி, பக்கத்தில் சந்தோஷம் என்றும் போட்டிருக்கிறாய். உன் தொழிலில் அந்தச் சொல்லை யோசித்துத்தானே போடுவாய்? சேற்றுக்குள் புதைந்து கிடக்கிற தவளையைத் தோண்டிப் பார்க்காமல் ‘தாங்கிக்கொண்டது’ என்று எழுதுவாயா?

உன் அறிக்கை வந்ததும் பிரஸ் முதலாளியின் மகள் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, மதிய நேரங்களில் எனக்குத் தமிழில் சொன்னாள். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னாள். எந்தப் பிராணிக்கு எவ்வளவு ஆபத்து என்று வரிசைப்படுத்தியிருக்கிறாய். உச்சியில் இருக்கிற அந்தச் சின்ன ஓணான்தான் எல்லாவற்றிலும் முதலில் அழியக்கூடியது என்பதுதான் முக்கியமான முடிவு என்றாள். கீழ்மலைப் பகுதியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பாதுகாப்பு நிலைமை காரணமாகச் சில பதிவுகள் இழக்கப்பட்டன என்று ஒரு வரி இருந்தது. திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். பதிவுகள் இழக்கப்பட்டன. அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் நன்றி. பேராசிரியர்கள், கொழும்பு நண்பர்கள், ஒரேயொரு தடவை வான் வண்டி ஓட்டிவந்த சாரதி, நீங்கள் தங்கிய பங்களாவில் சமைத்தவர். அவர்கள் பெயரெல்லாம் சரியாக இருந்தது. செல்வராஜ் என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை தேடிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரை மூடினாள்.

ரவி, நான் கலியாணக் கார்டு கோர்த்தே கிழவியானவள். ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போய்க் கலியாணமே நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெயர் தானாக விட்டுப்போவதும் உண்டு, விடச் சொல்லி விடுவதும் உண்டு. கோர்க்கிறவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். சாரதியின் பெயரை நினைவில் வைத்திருந்தவனுக்குத் தம்பியின் பெயர் மறக்காது. எனக்குப் புத்தி சொல்ல என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். ஒருவனை உன் வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் அவன் பெயரை எழுது, பிறகு பையைக் கொடு. எழுத முடியாத இடத்துக்கு அவனை அனுப்பாதே. அனுப்பினால், அவன் பிடிபடும்போது உன்னையும் சேர்த்துப் பிடிக்கட்டும்.

உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை கலேவெலவுக்குப் போனேன். செல்வா கடைக்குப் பின்னால் சாக்குகளுக்கு மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் அறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவனாகவே கேட்டான். “அண்ணனோட பொஸ்தகம் வந்திருச்சாமே. மேல வச்ச பொட்டி ரெண்டும் கெடச்சிச்சாமா?” கிடைத்ததாம், கொழும்பிலிருந்து போன ஆட்கள் இறக்கி எடுத்தார்களாம், அதை வைத்துத்தான் அந்த ஓணானைப் பற்றிய முடிவே எழுதினார்களாம் என்றேன். அவன் சிரித்தான். உள்ளே போய் வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னடா சிரிப்பு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னான்.

“வேற எங்கெங்க வச்சிருக்கேன்னு கேட்டாங்கம்மா. கீழ இருந்தத காட்டினேன். எல்லாத்தையும் ஒடச்சித்தான் பார்த்தாங்க. அதனால மேல இருக்கிறத சொல்லல்ல.”

“ஏன்டா சொல்லல்ல? எல்லாத்தையும் காட்டியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்களே!”

“விட்டிருப்பாங்களோ என்னவோ. நடுவுல எடுத்தா அந்த வருசமே வீணுன்னு அண்ணன் சொல்லியிருந்திச்சி. ரெண்டு வருசமா கஷ்டப்பட்டிச்சே.”

“மறைக்கிறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிச்சா?”

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கமாக வந்துகொண்டிருந்த லொறியைப் பார்த்தான். நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

உனக்கு இது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். உச்சியில் இருக்கிற ஓணானைப் பற்றி நீ உலகத்துக்குச் சொன்னாயே, அந்தப் பெட்டிகள் உடையாமல் உன் கைக்கு வந்ததற்குக் காரணம் காடும் அல்ல, கொழும்பு நண்பர்களும் அல்ல. உன் தம்பி வாயை மூடிக்கொண்டிருந்தான். உன் மேலாளர் அவன் எங்கள் ஆள் அல்ல என்று எழுதிய கடிதம் அதே மேசையில் கிடந்தபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். தயாராக இருக்கச் சொன்னதை வாசித்தபோது தலையைக் குனிந்துகொண்டான். “ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லு, நான் எழுதுறேன்” என்றேன். வெகுநேரம் சாக்கிலிருந்து ஒரு நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தான். எனக்கு உள்ளுக்குள் பயம். நீ கூப்பிட்டு அவன் வரமாட்டேன் என்று சொன்னதே இல்லை. நீ கிணற்றுக்குள் குதி என்று சொல்லியிருந்தாலும், செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்றுதான் கேட்டிருப்பான். கடைசியில் நிமிர்ந்தான். “நான் வரல்லன்னு எழுதுங்கம்மா. அந்த ரோட்டுல என்னால போக ஏலாது. அண்ணன் மேல கோவம் ஒண்ணும் இல்லன்னும் எழுதுங்க. எடம் தெரியணும்னா இங்க வந்து கேக்கட்டும், எல்லாம் சொல்றேன்” என்றான். சொல்லி முடித்ததும், லொறிக்காரன் கூப்பிட, எழுந்து போய் முதுகைக் கொடுத்தான். மூன்று பேர் தூக்கி வைத்த சாக்கோடு நேராக நடந்து போனான். அவன் வரமாட்டேன் என்று சொன்னதை நினைத்து, பஸ்ஸில் வரும்போது நான் யாரும் பார்க்காமல் சிரித்தேன், அழுதேன். என் சின்னவனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வந்துவிட்டது.

ஆகவே உனக்குப் பதில் இதுதான். அவன் வரமாட்டான். வீட்டுக்கு நீ வரலாம். உன் அப்பா கட்டிய வீடு, உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வந்ததும் மலைக்குப் போகாதே. முதலில் கலேவெலவுக்குப் போ. அவனுக்கு முன்னால் நின்று, உன் வாயால், ரிவஸ்டனைப் பற்றி அல்ல, அந்த ஒன்றரை மழைக்காலமும் அவன் எங்கே இருந்தான், என்ன நடந்தது என்று கேள். அவன் சொல்ல மாட்டான். சொல்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நீ அங்கேயே உட்கார்ந்திரு. உனக்கு அளக்கத் தெரிந்ததெல்லாம் அங்கே உதவாது. பிறகு மலைக்குப் போவதா, வந்த வழியே திரும்புவதா என்று நீயே முடிவு செய். அந்த ஓணானுக்கு எவரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பேச ஆள் வேண்டும்தான். தன் தம்பிக்காகப் பேசாத ஒருவன் அதற்காகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கத்தான் என்னால் முடியவில்லை.

கோபம் இல்லை என்று எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன். அது உண்மைதான். அவனுக்குள் கோபம் இருந்த இடத்தை அங்கேயே காலி பண்ணித்தான் அனுப்பினார்கள். அதனால் அவன் பங்கையும் சேர்த்து நானே உன்மேல் கோபப்படுகிறேன். நீ வரும்போது இரண்டு பேருடைய கோபத்துக்கும் தயாராக வா.

அம்மா